பிரின்சியோடு சத்தமாகக் கதைத்த மச்சாளுக்கு

அன்பு நிறைந்த பவளம் மச்சாள்,

உங்களுடைய அந்தியேட்டிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. முப்பத்தோராம் நாள் என்றால் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுக்கவேண்டுமே. தேவாரம், திருவாசகம், உங்கள் படம், வம்சாவளி எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. நடுவில் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றனவாம். உங்கள் தம்பி நேற்றுக் காலை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "சுகந்தி, நீர்தானே அக்காவோட கூடத் திரிஞ்சனீர். ஏதும் எழுதித் தாருமன்" என்றார்.

எனக்கு இரங்கற்பா வராது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். வாசிக்கப்போகிற சொந்தக்காரர்கள் காதைக் கொடுத்துக் கேட்கட்டும். அவர்களில் பாதிப்பேர் உங்களைக் குதிரையில் ஏறி ஓடுகிற பவளம் என்பார்கள், மீதிப்பேர் கலியாணம் கட்டாத பவளம் என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அதையெல்லாம் கேட்டுவிட்டு இன்னொரு வடையை எடுத்துக் கடிப்பீர்கள்.

முதுகுவலிக்கு நீச்சல் பழகச் சொன்னார் டொக்டர். நீங்கள் போய்க் குதிரை பழகினீர்கள். கோட்டையில் கப்பல் கொம்பனிக் கந்தோரில் கணக்குப் பார்க்கிற ஒரு மனுசி, நாற்பது வயதை எட்டிப்பிடிக்கிற நேரத்தில், சனிக்கிழமைகளில் காற்சட்டை போட்டுக்கொண்டு வத்தளைக்குப் போனால் வெள்ளவத்தை சும்மா இருக்குமா? எங்கள் ஒழுங்கையில் யன்னல் சீலைகள் எல்லாம் ஆடும். நீங்கள் ஒவ்வொரு யன்னலுக்கும் கை காட்டிக்கொண்டு போவீர்கள்.

அது ரேஸ் இல்லை என்று எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பீர்கள்! நெடுந்தூர ஓட்டம். குதிரை ஒரே நாளில் நாற்பது கிலோமீற்றர், அறுபது கிலோமீற்றர் என்று போகவேண்டும். இடையில் நிறுத்துமிடங்கள் இருக்கும். அங்கே மிருகவைத்தியர் குதிரையின் நெஞ்சில் குழாயை வைத்து நாடியை எண்ணுவார். நிமிஷத்துக்கு அறுபத்துநாலுக்குள் வரவேண்டும். கொடுத்த நேரத்துக்குள் வராவிட்டால், முதலாவதாக ஓடி வந்த குதிரையென்றாலும் லொறியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாமன்கடைப் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இது ஓடுறதுக்குப் போட்டியோ, களைப்பாறுறதுக்குப் போட்டியோ பிள்ளை?" என்றார். "ரெண்டுக்கும்தான் பெரியப்பா. ரெண்டாவதில உங்களை ஒருத்தரும் வெல்லேலாது" என்றீர்கள். அவர் ஒரு மாதம் உங்களோடு கதைக்கவில்லை.

என்னை ஏன் உங்களோடு கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று இங்கே பலருக்குத் தெரியாது. இப்போது சொல்லலாம்தானே? நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உங்கள் தம்பியைக் கட்டி, வெள்ளவத்தையில் குடியேறிய முதலாம் வருஷம், புறக்கோட்டையில் பஸ்ஸிலிருந்து என்னை இறக்கிக்கொண்டுபோய் ஒரு பகல் முழுக்கப் பொலிஸில் இருத்தி வைத்தார்கள். கொழும்பில் தமிழர் கையோடு வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு வீட்டில், நான் அவர்களுடைய வாங்குப் பலகையில். ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பக்கத்து வாங்கில் இருந்த பெண்ணிடம் தமிழில் தண்ணீர் கேட்டேன். அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அன்றைக்குப் போன குரல் பிறகு வீட்டுக்குள்ளும் வரவில்லை. உங்கள் தம்பி ஒன்று கேட்டால் தலையை ஆட்டுவேன், அல்லது குசுகுசுப்பேன். மாமி சாமியறையில் நேர்த்தி வைத்தா. நீங்கள் மட்டும், "எனக்கு வாளி பிடிக்க ஒரு ஆள் வேணும், சனிக்கிழமை வெளிக்கிட்டு நில்லும்" என்றீர்கள். நன்றி மச்சாள். அந்த வாளிக்கு முதல் நன்றி.

பஸ்ஸில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலப் போவோம். களனிப் பாலத்தில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டிவிட்டு, நடந்து போய்த் திரும்ப ஏறுவோம். அப்போதும் ஒரு சொல் இல்லை. வத்தளையில் குதிரை கட்டியிருந்த தென்னங்காணியின் படலை சாத்தியதும் உங்கள் வாய் திறக்கும்! வெள்ளவத்தையிலிருந்து அடக்கி வைத்த கதையெல்லாம் அங்கே கொட்டும். கேட்பதற்கு நானும், குதிரை பார்க்கிற சுனிலும், பிரின்சியும். சுனிலுக்குத் தமிழ் விளங்காது. மிச்சம் இரண்டு பேர்.

பிரின்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் அவளை ரேஸுக்கென்று வாங்கியிருந்தார். ரேஸ் குதிரை கூட்டத்தைக் கண்டு பயந்தால் என்ன செய்வது? ஓட்டோ ஹோர்ன் அடித்தால் துள்ளுவாள். தேங்காய் விழுந்தால் கண்வெள்ளை தெரிய முழிப்பாள். அவளை நீங்கள்தான் கால்வாய்க்கரை வீதியில் கிழமைக்குக் கிழமை தூரத்தைக் கூட்டிக்கூட்டிப் பழக்கினீர்கள். கொஞ்சத் தூரம் ஓட்டம், கொஞ்சத் தூரம் நடை. அவள் களைத்தால் நீங்கள் இறங்கிப் பக்கத்தில் ஓடுவீர்கள். கால்வாயில் வலை போடுகிறவர்கள், "நோனா, குதிரையில ஏறுங்க, அதுக்குத்தானே குதிரை" என்று சிங்களத்தில் கத்துவார்கள்.

திரும்பி வந்ததும் என்னுடைய வேலை தொடங்கும். அவளுடைய சூடும் நாடியும் இறங்க, கழுத்திலும் கால்களுக்கு இடையிலும் தண்ணீர் ஊற்றி, வழித்து, திரும்ப ஊற்றவேண்டும். நீங்கள் நாடி பார்க்கிற குழாயைக் காதில் வைத்துக்கொண்டு கதையையும் நிறுத்தமாட்டீர்கள். மேல்வீட்டு அன்ரி, கந்தோர் பெரியவர், கலியாண வீட்டில் பாயாசம் காணாமற்போனது, எல்லாம் வரும். முதலில் நான் "ம்" கொட்டினேன். பிறகு "ஓம்" என்றேன். பிறகொரு நாள், பாயாசத்தை உண்மையில் யார் ஒளித்தது என்று நானே சொல்லிவிட்டேன். நீங்கள் ஆச்சரியப்பட்டதுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்பிடியோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாளியை நீட்டினீர்கள்.

முதலாளிக்குப் பொறுமை முடிந்தது. ஓடாத குதிரைக்கு எத்தனை காலம் தீன் போடுவது? "அம்மா, நீர்கொழும்புக்கு அங்கிட்டு தென்னந்தோட்டத்துல அந்த நெடுந்தூர ஓட்டம் வைக்கிறாங்கல்ல. அதுல முடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி நுவரெலியாவுக்கு அனுப்பிருவேன். சீசனுக்குப் புள்ளைங்க ஏறிப் போட்டோ எடுக்கட்டும்" என்றார். சீசன் கூட்டத்துக்கு நடுவே, பலூனும் பிளாஸ்டிக் ஊதியுமாக, பிரின்சி! நீங்கள் அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போனீர்கள். நீங்கள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

ஓட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் கொழும்பில் குண்டு வெடித்தது. தமிழ்க் குரல் கேட்கிறது என்று கால்வாய்க்கரையில் யாரோ முறைப்பாடு கொடுத்து, பொலிஸ் வந்து சுனிலைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டுப் போனது. அப்போது நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். "அண்டைக்கு அங்க தமிழ் வாயே திறக்கக்கூடாது சுகந்தி. வாசல்ல ஆமிக்காரர் நிப்பினம். இங்கிலீஷ் போதும். ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. குதிரையை மட்டும் பார்க்கட்டும்." சரியான யோசனைதானே? எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போது எங்களுக்கு எட்டாத ஒன்று இருந்தது.

தோட்டத்துக் காலை நன்றாகத்தான் தொடங்கியது. முதற் சுற்றைப் பிரின்சி அழகாக ஓடி வந்தாள். நீங்கள் இறங்கினீர்கள். வைத்தியர் வயதான சிங்கள மனுசன், தொப்பியும் தடித்த கண்ணாடியும். முதலாளி தென்னைமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படலையில் மூன்று ஆமிக்காரர். நான் தண்ணீர் ஊற்றினேன், நீங்கள் வழித்தீர்கள். "குட் கேர்ள்" என்றீர்கள். "வெரி குட் கேர்ள்" என்றேன் நான். கலியாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

நாடி இறங்கவில்லை. நடத்திப் பார்த்தோம். நிழலுக்குக் கொண்டுபோனோம். பிரின்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைப் பின்னுக்கும் முன்னுக்கும் திருப்பி எதையோ தேடினாள். வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினால் எழுபத்திரண்டு. அவர் தலையை ஆட்டினார். நேரம் முடிய முதல் இன்னுமொருதரம் காட்டலாம், அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப்போயின. முதலாளி கையை அவிழ்த்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

உங்கள் முகத்தில் நீர் ஓடியதை நான் கண்டேன். தண்ணீர் ஊற்றினதால் என்று பிறகு சொன்னீர்கள். நான் அப்போதும் நம்பவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த உங்கள் கை திடீரென்று நின்றது. பிரின்சியின் காதைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"எடியேய் பிரின்சி!" என்றீர்கள். எவ்வளவு சத்தம்! அந்தத் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். "என்னடி முழிக்கிறாய்? உனக்கு விசயம் தெரியுமோ? மேல்வீட்டு அன்ரி திரும்பவும் எங்கட உடுப்புக்கு மேல சீலை பிழிஞ்சு விட்டிட்டா!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொலிஸ் வாங்கில் இருந்தபோது திரும்பிய அதே தலைகள் என்றே எனக்குப் பட்டது. பிரின்சியின் காது இரண்டும் உங்கள் பக்கம் வந்து நின்றன.

"நீரும் கதையும் சுகந்தி" என்றீர்கள், குழாயைக் காதில் வைத்தபடி. "நான் தனியக் கதைச்சா அவளுக்குக் காணாது. ரெண்டு பேற்ற சத்தமும் அவளுக்கு வேணும்."

வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. நீங்கள் அவசரப்படுத்தவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தாலும். "எந்தச் சீலைக்கு மேல பிழிஞ்சவ?" என்று கேட்டீர்கள், எங்கள் வீட்டுக் குசினியில் நின்று கேட்பதுபோல.

"என்ர பொங்கல் சீலைக்கு மேல" என்றேன். குசுகுசுத்தேன்.

"ஆ? கேக்கேல்லை."

"என்ர பொங்கல் சீலைக்கு மேல மச்சாள்! அவவின்ர சாயம் முழுக்க என்ர சீலையில! கேட்டா, வெயில்தானே காஞ்சிடும் எண்டு சொல்லுறா!"

அது நான்தான் என்று எனக்கே நம்பமுடியவில்லை. கோபமும் வந்தது. சீலை விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் இருந்தது, மச்சாள். அதற்குப் பிறகு நிறுத்தமுடியவில்லை. சாயம், சவுக்காரம், மொட்டைமாடித் திறப்பு என்று கொட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். பிரின்சி தலையைத் தாழ்த்தினாள். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நின்றாள்.

அப்போதுதான் ஆமிக்காரரில் ஒரு பொடியன் படலையிலிருந்து வந்தான். துவக்குத் தோளில். நான் சாயக் கதையைப் பாதியில் விட்டேன். நீங்கள் பிரின்சியின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரோடு கதைக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். குதிரையோடு என்றீர்கள். அவன் பிரின்சியை மேலும் கீழும் பார்த்தான்.

"அஷ்வயா தெமளத?" என்றான். குதிரை தமிழோ?

"ஓவ் மல்லி" என்றீர்கள், கண்ணைக்கூட உயர்த்தாமல். "ஐ.டி. எக்க நே." ஓம் தம்பி, அடையாள அட்டைதான் இல்லை.

அவன் உங்களைப் பார்த்தான், திரும்பக் குதிரையைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நின்ற மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போதும் யோசிக்கிறேன், அவன் சிரிக்காமல் விட்டிருந்தால்? அந்த நாளில் அதைச் சொல்ல உங்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? கேட்க நினைத்து நினைத்து, கேட்காமலே போய்விட்டது.

வைத்தியர் தானாகவே நடந்து வந்து குழாயை வைத்தார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அவர் நிமிர்ந்து, "ஒஹொம கதா கரன்ன, தவ டிக்கக்" என்றார். அப்படியே கதையுங்கள், இன்னும் கொஞ்சம். ஒரு சிங்களப் பெரியவர், துவக்கோடு நின்ற மூன்று பேருக்கு முன்னால், எங்களைத் தமிழில் கதைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் கதைத்தோம். அறுபத்திரண்டு என்றார்.

அந்த ஓட்டத்தில் நாங்கள் கடைசி. எங்களுக்குப் பின்னால் காகம்கூட வரவில்லை. ஆனால் கடைசிச் சோதனையிலும் பிரின்சி தேறினாள். கால் நொண்டவில்லை, நாடி ஏறவில்லை. முதலாளி வந்து அவளுடைய நெற்றியைத் தடவினார். அந்த இடத்தில் காலையிலிருந்து சிங்களம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த மனுசன், எல்லாருக்கும் கேட்கத் தமிழில் சொன்னார்: "வெச்சுக்கங்கம்மா. வாயை மட்டும் மூடிறாதீங்க."

அதற்குப் பிறகு எத்தனை ஓட்டம் ஓடினீர்கள்! ஒன்றிலும் வெல்லவில்லை, ஒன்றிலும் லொறியில் ஏறவுமில்லை. நான் வீட்டில் கதைக்கத் தொடங்கினேன். உங்கள் தம்பி, "அக்கா, இவவை முந்திய மாதிரி ஆக்க ஏலாதோ?" என்று கேட்கிற அளவுக்குக் கதைத்தேன். என் பிள்ளைகளுக்கு, தங்கள் அம்மா ஒரு காலத்தில் பேசாமல் இருந்தவ என்றால் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு நீங்கள் தந்தது.

இங்கத்தைய புதினம் கேட்பீர்கள். சமாதானம் என்று கொஞ்சநாள் எடுத்து வைத்த காவலரண்களைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். களனிப் பாலத்தில் திரும்பவும் இறங்கி நடக்கிறோம். ஒழுங்கைக்குள் பதிவு எடுக்க வந்தார்கள். உங்கள் பெயரையும் கேட்டார்கள். பட்டியலில் இருந்து வெட்டவேண்டும் என்று உங்கள் தம்பி சொன்னபோது, அந்தப் பொலிஸ்காரர் பேனையை மூடிவிட்டு, "குதிரை நோனாவா?" என்று கேட்டாராம். மேல்வீட்டு அன்ரி செத்தவீட்டு நாட்கள் முழுக்க எங்களுக்குச் சோறு கறி கொண்டுவந்து தந்தா. அவவோடு இனி எப்படிச் சண்டை பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். "கூடத் திரிஞ்சவவைப் பாருங்கோ, கண்ணில ஒரு சொட்டு இல்லை" என்று குசினிக்குள் கதைத்தது என் காதில் விழுந்தது. எனக்குக் குறை இல்லை. அவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். நீங்கள் போன சேதியை நான் ஒருவருக்கும் வாயால் சொல்லவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கோல் வந்தபோதெல்லாம் போனை உங்கள் தம்பியிடம் நீட்டினேன். குரல் வரவில்லை, மச்சாள். பழையபடி.

போன சனிக்கிழமை தனியாக வத்தளைக்குப் போனேன். பிரின்சிக்கு வயது போய்விட்டது, இனி ஓட்டம் இல்லை. கால்வாய்க்கரையில் சும்மா கொஞ்சத் தூரம் நடத்திக் கூட்டிவந்து தண்ணீர் ஊற்றினேன். அவள் நிலைகொள்ளவில்லை. காதைத் திருப்பித் திருப்பித் தேடினாள். சுனில் வாளியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அவளுக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும்? நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது, எந்தப் பாஷையில் சொல்லுவது?

"பிரின்சி" என்றேன். "மச்சாள் செத்துப்போனா."

சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தீர்கள், கடைசியாக என்ன கேட்டீர்கள், என்ன நிறச் சீலை உடுத்தினோம், யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. பிரின்சி தலையைத் தாழ்த்தி, அசையாமல் நின்று முழுவதையும் கேட்டாள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகு அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன், மச்சாள். கால்வாய்க்கு அக்கரையிலும் கேட்கிற மாதிரி, வாய்விட்டு.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன். அவள் இருக்கிற வரைக்கும் அவளுக்குக் கதை குறையவிடமாட்டேன். யார் திரும்பிப் பார்த்தாலும் என் குரலைத் தாழ்த்தமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் தம்பியின் மனைவியாக வந்து, உங்களால் வாய் திறந்த,
உங்கள் மச்சாள்
சுகந்தி
வெள்ளவத்தை